உங்கள் வள்ளத்தைக் கடல் ஆய்வுக்குக் கொடுக்கும் முன்: குமரிக் கரைக்கு ஒரு வழிகாட்டி

“அண்ணே, ஒரு நாளைக்கு வள்ளம் கிடைக்குமா? கடல் தண்ணி எடுக்கணும், கொஞ்சம் சாம்பிள் எடுக்கணும்” என்று கல்லூரிப் பிள்ளைகள் வந்து கேட்பது நம் கரையில் புதிதல்ல. கேட்ட உடனே ‘சரி மக்கா, வா’ என்று ஏற்றிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. நடுக்கடலில் ரோந்துப் படகு நிறுத்தி, “மீன்பிடி வள்ளத்தில் இவர்கள் யார்?” என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்கும். எந்தத் தாள், எந்த அலுவலகம், எவ்வளவு செலவு, எத்தனை நாள் என்று சொல்ல ஆளில்லாமல் நான் அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். படகு கொடுப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எடுப்பவர்கள் படித்தாலும் நல்லது.

வெளிநாடுகளில் உல்லாசப் படகு வைத்திருக்கும் பணக்காரர்கள் தங்கள் படகை விஞ்ஞானிகளுக்கு இரவல் தருகிறார்கள். இதற்காகவே ‘சீகீப்பர்ஸ்’ என்ற சங்கத்தைப் படகுச் சொந்தக்காரர்கள் 1998-இல் தொடங்கினார்கள். ஆய்வுக் கப்பல் ஒன்றை ஒரு நாள் ஓட்ட ஆகும் செலவோடு பார்த்தால் தனியார் படகு மலிவு, கூப்பிட்ட நேரத்தில் கிடைக்கவும் செய்யும். குமரி மாவட்டத்தில் உல்லாசப் படகைக் கட்டி நிறுத்தும் துறை (மரீனா) எதுவும் கிடையாது. இங்கே தனியார் படகு என்றால் ஃபைபர் வள்ளமும் விசைப்படகும்தான். வேலை என்னவோ அதே வேலைதான்.

1. கேட்பவர் யார் என்று முதலில் பாருங்கள்

தனி ஆளுக்குக் கொடுக்காதீர்கள், நிறுவனத்துக்குக் கொடுங்கள். என் அனுபவத்தில் பாதிச் சிக்கல் இதிலேயே தீர்ந்துவிடும். முனைவர் பட்ட மாணவர் நல்ல பிள்ளையாக இருக்கலாம். ஆனால் அவர் கையெழுத்துக்கு அலுவலகத்தில் மதிப்பு இல்லை. வழிகாட்டிப் பேராசிரியரோ துறைத் தலைவரோ கையெழுத்திட வேண்டும்.

நம் பக்கத்தில் பெரும்பாலும் வருகிறவர்கள்: ராஜாக்கமங்கலத்தில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம், விழிஞ்ஞத்திலும் தூத்துக்குடியிலும் நிலையம் வைத்திருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி, கேரளப் பல்கலைக்கழகம், பிறகு தொண்டு நிறுவனங்கள். தொண்டு நிறுவனம் என்றால் பதிவுச் சான்றின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். “ஆய்வு” என்ற பெயரில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போகச் சொல்கிறவர்களும் வருவார்கள். மீன்பிடிப் படகாகப் பதிவான வள்ளத்தில் காசு வாங்கிக்கொண்டு பயணிகளை ஏற்றக் கூடாது. மாட்டினால் உரிமத்துக்கே ஆபத்து.

2. உங்கள் பக்கத் தாள்கள்

இவற்றை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தயாராக வையுங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு நகல் வேண்டும்.

- படகுப் பதிவுச் சான்று. படகின் மேல் எழுதிய எண்ணும் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றாக, வாசிக்கும்படி இருக்க வேண்டும்.
- நடப்பில் உள்ள மீன்பிடி உரிமம்.
- எஞ்சின் வாங்கிய பில். எஞ்சின் மாற்றியிருந்தால் அது பதிவிலும் ஏறியிருக்க வேண்டும்.
- சொந்தக்காரர், ஓட்டுபவர், கூடப் போகிறவர்கள் எல்லோருடைய ஆதார், மீனவர் அடையாள அட்டை.
- படகுக் காப்பீடு இருந்தால் அதன் நகல்.
- பான் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம்.

காப்பீட்டில் ஒரு பொறி இருக்கிறது. படகுக் காப்பீடு மீன்பிடித் தொழிலுக்கு எடுத்தது. வெளியாள் ஏறினால் அது செல்லுமா என்று உங்கள் முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் விபத்துக் காப்பீடு, மரணத்துக்கு 5 லட்சம் ரூபாய் தருவது, மீனவர்களுக்கு மட்டும்தான். வள்ளத்தில் ஏறும் மாணவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது. ஆகவே அவர்களுடைய காப்பீட்டை அவர்களுடைய நிறுவனம் எடுத்திருக்க வேண்டும்.

மீன்பிடிப் படகு அல்லாத சொந்தப் படகு வைத்திருப்பவர்களுக்கு மீன்வளத் துறையில் வேலை நடக்காது. அவர்கள் தமிழ்நாடு கடல்சார் வாரியத்திலிருந்து தொடங்க வேண்டும்.

3. அவர்களிடம் வாங்க வேண்டிய கடிதம்

நிறுவனத்தின் கடிதத் தாளில், முத்திரையோடு இருக்க வேண்டும். “ஆய்வுக்கு உதவவும்” என்று இரண்டு வரியில் எழுதிக் கொண்டுவருவார்கள். அதைத் திருப்பிக் கொடுங்கள். கடிதத்தில் இருக்க வேண்டியவை: படகின் பதிவு எண், புறப்படும் இடம், திரும்பும் இடம், தேதி, மாற்றுத் தேதி, போகும் இடங்களின் ஜி.பி.எஸ். குறி, ஏறுபவர்கள் ஒவ்வொருவருடைய பெயர், ஆதார், கைபேசி எண், என்னென்ன கருவி ஏற்றுகிறார்கள், என்னென்ன எடுத்து வருவார்கள்.

மாற்றுத் தேதியை மறந்துவிடாதீர்கள். செவ்வாய்க்கு அனுமதி வாங்கி, செவ்வாயன்று காற்று அடித்தால், புதன்கிழமைக்கு மறுபடி எல்லா அலுவலகத்துக்கும் ஏற வேண்டியிருக்கும். தேதிக்குப் பதிலாக இரண்டு வார இடைவெளி ஒன்றைக் கடிதத்தில் எழுதச் சொன்னால் வேலை சுலபம்.

கருவிப் பட்டியலும் முக்கியம். மாதிரி எடுக்கும் சின்ன வலையும் பாட்டிலும் கொண்டுபோனால் யாரும் கேட்கமாட்டார்கள். மூன்று பொருள்களில் கவனம் வேண்டும். முதலாவது செயற்கைக்கோள் தொலைபேசி: துராயா, இரிடியம் எதுவானாலும் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். வெளிநாட்டு ஆய்வாளர் பையில் போட்டுக்கொண்டு வந்திருப்பார், கேட்டுப் பாருங்கள். இரண்டாவது ட்ரோன்: பறக்கவிடும் இடம் எந்த நிற மண்டலத்தில் வருகிறது என்று அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ இணைய வரைபடத்தில் பார்த்து, அதற்கான அனுமதியோடு வரச் சொல்லுங்கள். மூன்றாவது ஆழமானி: மீன் தேட நாம் வைத்திருக்கும் எக்கோ சவுண்டர் வேறு. கடல் தரையை முறையாக அளந்து பதிவு செய்து எடுத்துப் போவது வேறு. 2030-க்குள் உலகக் கடல் தரை முழுவதையும் வரைபடமாக்கும் ‘சீபெட் 2030’ திட்டத்துக்காகத் தனியார் படகுகளிலிருந்தும் ஆழக் கணக்கு வாங்குகிறார்கள். நம் கடலுக்குள் எடுத்த அளவை அப்படி அனுப்புவதற்கு அரசின் இசைவு வேண்டும்.

4. எங்கே கொடுப்பது, எவ்வளவு நாள் முன்னால்

ஒரு மாதம் முன்னால் தொடங்குங்கள். கொடுக்க வேண்டிய இடங்கள்: உங்கள் பகுதி மீன்வள உதவி இயக்குநர் அலுவலகம், கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையம், துறைமுகத்திலிருந்து புறப்பட்டால் துறைமுக அலுவலகம். ஒவ்வோர் இடத்திலும் உங்கள் நகலில் தேதியோடு ‘பெறப்பட்டது’ முத்திரை வாங்குங்கள். வாய்ச்சொல்லாக “போய்ட்டு வாங்க” என்பார்கள். அவர் மாற்றலாகிப் போனால் அந்தச் சொல்லும் அவரோடு போய்விடும்.

ஊர்க் கமிட்டியிடமும் சொல்ல வேண்டும். பங்குத் தந்தைக்கும் பங்குப் பேரவைக்கும் ஒரு நகல் கொடுங்கள். தாது மணல், எண்ணெய்க் கிணறு, துறைமுகம் என்று எத்தனையோ பேச்சு ஓடும் கரை இது. தெரியாத ஆட்கள் கருவியோடு கடலில் நின்றால் ஊர் சந்தேகப்படும். சந்தேகப்படுவதில் தப்பும் இல்லை.

மாவட்ட எல்லையைப் பாருங்கள். நீரோடிக்கு மேற்கே போனால் கேரளக் கடல். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட படகை அங்கே அவர்களுடைய கடல் அமலாக்கப் பிரிவு நிறுத்தும். அவர்களுக்கும் ஒரு கடிதம் போயிருக்க வேண்டும். கிழக்கே சின்னமுட்டம் தாண்டிக் கொஞ்சம் போனால் நெல்லை மாவட்டம். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு முன்னால் உள்ள கடலில் வேலை வைத்துக்கொள்ளவே வேண்டாம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகள் நம் மாவட்டத்தில் இல்லை. ஆனால் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகத்தின் எல்லை ராமேஸ்வரத்திலிருந்து கன்னியாகுமரி வரை வருகிறது. கிழக்குப் பக்கம் வேலை என்றால் வனத் துறைக்கும் தெரிவிப்பது நல்லது.

வெளிநாட்டவர் குழுவில் இருந்தால் ஒரு மாதம் போதாது. மாதிரி எடுத்துப் போக, சென்னை தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். வெளிநாட்டுக் கொடி பறக்கும் படகே ஆய்வுக்கு வருவதானால் வெளியுறவு அமைச்சகம் வழியாகப் போக வேண்டும். குறைந்தது ஆறு மாதம் முன்னால் விவரம் தர வேண்டும் என்பது ஐ.நா. கடல் சட்டத்தின் 248-ஆவது பிரிவு. அப்படிப்பட்ட படகு நேராகக் குளச்சலுக்கு வந்து நிற்க முடியாது. கொச்சி, தூத்துக்குடி போலச் சுங்கமும் குடியேற்றச் சோதனையும் உள்ள துறைமுகத்தில் முதலில் நுழைய வேண்டும்.

5. நாள் குறிப்பது

நம் மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள். விசைப்படகுகளுக்குத்தான் இந்தத் தடை, வள்ளங்களுக்கு இல்லை.

“தடைக்காலத்தில் படகு சும்மாதானே கிடக்கிறது, ஆய்வுக்கு விடலாமே” என்று விசைப்படகுக்காரர்களுக்குத் தோன்றும். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் படுகிறது. ஆனால் மீன்வளத் துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி கையில் இல்லாமல் கயிற்றை அவிழ்க்காதீர்கள். குளச்சல் படகு மே மாதத்தில் கிழக்கே போனால் அங்கே தடை ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காற்றைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். தை, மாசி, பங்குனியில் மேற்குப் பக்கம் கடல் அமைதி, தண்ணீர் தெளிவு. ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் பயம் உண்டு. எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் எழும் நீளலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் கரையில் ஏறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது அப்படித்தான். புறப்படும் முந்தின நாள் மாலையும், புறப்படும் முன்பும் கடல்நிலை சொல்லும் மத்திய அரசு மையமான இன்காய்ஸின் அறிவிப்பைப் பாருங்கள். ‘போகலாம்’ என்பதைப் பேராசிரியர் முடிவு செய்யட்டும். ‘போக வேண்டாம்’ என்பது ஓட்டுபவரின் சொல். அதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையும் கோட்டாறு சவேரியார் திருவிழா முடியும் டிசம்பர் 3-ஆம் தேதியும் ஆள் கிடைக்கமாட்டார்கள்.

6. வாடகை கணக்கு

சுற்றுலாப் படகு வாடகையைப் பார்த்து விலை சொல்லாதீர்கள். “மாணவப் பிள்ளைகள்தானே” என்று குறைத்தும் சொல்லாதீர்கள். அந்தப் பணம் பிள்ளைகளின் பையிலிருந்து வருவதில்லை, திட்ட நிதியிலிருந்து வருகிறது. கணக்கு இப்படி:

சுமாரான பாடு (மீன் வரவு) கிடைக்கும் ஒரு நாளில் செலவு போக வள்ளத்துக்கு என்ன நிற்குமோ அது அடிப்படை. அதன் மேல் எரிபொருள், போகும் ஆட்களின் கூலி, சாப்பாடு, ஐஸ், வலையை இறக்கி மறுபடி ஏற்றும் கூலி. மீன்பிடி வலையோடு போனால் ரோந்தில் ஒரு கேள்வி, மாதிரியில் ஒரு கெடுதல். எனவே இறக்கித்தான் ஆக வேண்டும்.

எரிபொருளுக்கு ஒரு மதிப்பு: 9.9 எச்.பி. வெளிப்பொருத்து எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 4 லிட்டர் குடிக்கும். கரையிலிருந்து 10 கடல் மைல், அதாவது 18.5 கிலோமீட்டர், போய்வர மூன்று மணி நேரம் என்று வையுங்கள். ஒரு எஞ்சினுக்கு 12 லிட்டர். இரண்டு எஞ்சின் என்றால் 24. நின்று நின்று மாதிரி எடுப்பதற்குத் தனியாகச் சேருங்கள். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்று ஏற்றுங்கள்.

இங்கே பெரிய பொறி ஒன்று இருக்கிறது. மானிய மண்ணெண்ணெய், வரிவிலக்கு டீசல் விலையில் கணக்குப் போடாதீர்கள். அது மீன்பிடிக்கக் கொடுத்தது. ஆய்வுப் பயணத்துக்கு வெளிச்சந்தை விலையில் வாங்கி, பில்லோடு வையுங்கள்.

புறப்பட்ட பிறகு கடல் சரியில்லாமல் திரும்பினால் எவ்வளவு, முந்தின நாள் இரவு ரத்தானால் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். எரிபொருள், ஐஸ், பாதிக் கூலி என்பது நியாயமாக இருக்கும்.

7. தொடக் கூடாதவை

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் கடல் ஆமை, ஓங்கல் (டால்பின்), திமிங்கிலம், கடல் பசு, அம்மணி உழுவை (திமிங்கிலச் சுறா), கடல் குதிரை, கடல் அட்டை, பவளம், கடல் விசிறி எல்லாம் வருகின்றன. இவற்றை எடுக்க ஆய்வாளருக்கும் மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அந்த அனுமதித் தாளின் நகல் உங்கள் வள்ளத்தில் இருக்க வேண்டும். அது வந்து சேர மாதக் கணக்கு ஆகும். “ஒரு சின்னத் துண்டு பவளம்தான்” என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிடிபட்டால் வள்ளமும் சேர்ந்துதான் பறிமுதல்.

செத்து மிதக்கும் ஆமை, ஓங்கலுக்கும் இதே சட்டம்தான். கட்டி இழுத்துவந்து கல்லூரிக்குக் கொடுக்கக் கூடாது. படம் எடுத்து, குறி எழுதி, வனத் துறைக்குச் சொல்ல வேண்டும். உயிரோடு பார்த்ததைப் படம் எடுக்கத் தடை இல்லை. இந்தியக் கடல் பாலூட்டிகளுக்கென்று இணையத்தில் நடக்கும் பதிவேட்டில், பார்த்த இடமும் நேரமும் நாமே ஏற்றலாம். நம் பிள்ளைகள் கைபேசியில் ஓங்கல் கூட்டம் எத்தனையோ கிடக்கிறது. அவை ஆய்வாளருக்குப் பெரிய சொத்து.

8. கடலில்

முடிந்தவரை துறைமுகத்திலிருந்து புறப்படுங்கள். அலை உடைக்கும் கரையிலிருந்து, கடல் பழகாதவர்களையும் லட்ச ரூபாய்க் கருவியையும் ஏற்றிக்கொண்டு வள்ளத்தைத் தள்ளுவது வீண் வம்பு. தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்திருக்கும் காலத்தில் வெளியாட்களோடு போகாதீர்கள்.

லைஃப் ஜாக்கெட் தலைக்கு ஒன்று, கழற்றவே கூடாது. கடல் மயக்கத்துக்கு அவோமின் மாத்திரையைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடச் சொல்லுங்கள். வாந்தி தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. அவசரத்துக்குக் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, வி.எச்.எஃப். வானொலிக் கருவி இருந்தால் சேனல் 16.

மாதிரி கெடாமல் இருப்பதில் நம் பங்கு பெரியது. தண்ணீரை எஞ்சினுக்குப் பக்கத்தில் எடுக்காமல், நீரோட்டம் வரும் பக்கம் அணியத்தில் (வள்ளத்தின் முன்பக்கம்) நின்று எடுக்கச் செய்யுங்கள். எண்ணெய் கலந்த அடித்தண்ணீரை அந்த நேரத்தில் இறைக்காதீர்கள். நுண்பிளாஸ்டிக் ஆய்வு என்றால் இன்னும் கவனம் வேண்டும். நம் வள்ளத்தின் நீலப் பெயிண்ட் துகளும் நைலான் கயிற்று இழையும் மாதிரியில் விழுந்து, கடலில் இருந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். பெயிண்டில் ஒரு சுரண்டல், கயிற்றில் ஒரு துண்டு, வலையில் ஒரு துண்டு என்று தனித்தனிக் கவரில் போட்டு முதலிலேயே கொடுத்துவிடுங்கள். விவரம் தெரிந்த ஆய்வாளர் தாமே கேட்பார். கேட்காதவருக்கு நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.

மாதிரி அழுகாமல் வைக்கும் நச்சுத் திரவமான ஃபார்மலின் பாட்டில் ஏற்றினால் இரட்டைப் பெட்டியில், காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். சாப்பாட்டு ஐஸ் பெட்டியில் எதையும் வைக்க விடாதீர்கள். நங்கூரத்தைப் பாரின் (கடலடிப் பாறைத் திட்டின்) மேல் போடாமல் பக்கத்து மணலில் போடுங்கள்.

வள்ளத்திலேயே சும்மா செய்யக்கூடிய அளவு ஒன்று உண்டு: செக்கித் தட்டு. 30 சென்டிமீட்டர் அகல வெள்ளைத் தட்டு, நடுவில் அளவுக் கயிறு, அடியில் எடை. கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தால் தண்ணீரின் தெளிவு தெரியும். உலகம் முழுக்கப் பாய்மரப் படகுக்காரர்கள் இதை அளந்து அனுப்புகிறார்கள். ஒரு தட்டு செய்து வள்ளத்தில் போட்டு வைத்தால், தொழிலுக்குப் போகும் நாளிலும் அளக்கலாம்.

9. பார்க் குறி யாருடையது

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசாமல் விட்டால் பிறகு மனத்தாங்கல்தான் மிஞ்சும். நீங்கள் அழைத்துப் போகும் பார், உங்கள் அப்பாவும் தாத்தாவும் மருந்துவாழ்மலையையும் கோயில் கோபுரத்தையும் அடையாளம் வைத்துக் கண்டுபிடித்தது. ஆய்வாளர் கையில் இருக்கும் ஜி.பி.எஸ். அதை ஒரு நொடியில் எண்ணாக்கிவிடும். அந்த எண் கட்டுரையில் அச்சானால், வெளியூர் விசைப்படகு அடுத்த பருவத்தில் அங்கே நிற்கும்.

ஆகவே ஒப்பந்தத்தில் மூன்று வரி சேருங்கள். ஒன்று, பார்களின் துல்லியக் குறியை வெளியிடக் கூடாது. பொதுவாகப் பகுதி பெயர் மட்டும் போடலாம். இரண்டு, எடுத்த அளவுகளின் நகல், வெப்பம், உப்பு, தெளிவு, மீன் பட்டியல், படங்கள், தமிழில் ஒரு பக்கச் சுருக்கத்தோடு ஊருக்கு வர வேண்டும். மூன்று, வழிகாட்டியவரின் பெயரை அவர் சம்மதித்தால் கட்டுரையில் குறிப்பிட வேண்டும். நல்ல ஆய்வாளர்கள் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. முகம் சுளிப்பவருக்கு வள்ளம் இல்லை என்று சொல்லுங்கள், உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை.

10. பணம் வாங்குவது

நிறுவனப் பணம் மெதுவாகத்தான் வரும். கொட்டேஷன் கேட்பார்கள், வேறு இரண்டு பேரிடமும் கேட்பார்கள், வேலை முடிந்து பில் கொடுத்த பிறகே கோப்பு நகரும். ஒரு நிறுவனத்திடம் எனக்கு வர வேண்டிய பாக்கி, மழைக்காலம் முழுக்கக் கழிந்துதான் வந்தது. அதனால் எரிபொருளும் கூலியும் முன்பணமாக, புறப்படும் முன் கையில் இருக்க வேண்டும். மீதி மட்டும் பில்லில்.

பில்லில் படகின் பதிவு எண், தேதி, புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், எரிபொருள் தனியாக, கூலி தனியாக என்று எழுதுங்கள். வரி பிடித்துக்கொண்டு தருவார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள். பிடித்ததற்குச் சான்று கேட்டு வாங்கி வைத்து, வருமான வரிக் கணக்குக் கொடுக்கும்போது காட்டினால் திரும்ப வர வழியுண்டு. திட்ட நிதி மார்ச் 31-இல் முடங்கும். பிப்ரவரியில் போன பயணத்துக்கு மார்ச் முதல் வாரத்துக்குள் பில் உள்ளே போயிருக்க வேண்டும்.